செக் எஞ்சின் லைட் எரிந்தால் யார் ஸ்கேனர் போடுவது?

விருதுநகரிலிருந்து மதுரைக்குத் திரும்பி வரும்போது, கப்பலூர் டோலைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் மீட்டரில் அந்த ஆரஞ்சு நிற எஞ்சின் படம் எரிந்தது. வண்டி ஓடத்தான் செய்தது, சூடு ஏறவில்லை, புகை இல்லை, சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஸ்டியரிங்கில் லேசாக ஒரு நடுக்கம். 2016 மாடல் பெட்ரோல் கார், பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி). அதன்பிறகு ஒன்பது நாள், மூன்று இடம் என்று அலைந்தேன். முதல் இடத்தில் 300 ரூபாய் போனது, இரண்டாவது இடத்தில் 590, கூடவே 11,400 ரூபாய்க்கு ஒரு எஸ்டிமேட். மூன்றாவது இடத்தில் வேலை முடிந்தது, 340 ரூபாய்.

இப்போது மேலூரில் இருக்கும் அக்கா மகன் செகண்ட் ஹேண்டில் கார் பார்த்துக்கொண்டிருக்கிறான். "மாமா, அந்த ஸ்கேனர் ஒண்ணு வாங்கிரவா, இல்ல கம்பெனி சர்வீஸ்லயே பார்த்துக்கலாமா?" என்று கேட்டான். போனில் சொன்னது பாதி, விட்டுப்போனது பாதி. எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இது.

அந்த லைட் எரிகிறது என்றால், எஞ்சினைக் கவனிக்கிற கம்ப்யூட்டர் ஏதோ ஒன்று சரியில்லை என்று பார்த்து ஒரு கோடைக் (code, கோளாறைக் குறிக்கிற எண்) குறித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் 16 ஓட்டையோடு ஒரு சாக்கெட் இருக்கும், அதில் ஸ்கேனரைச் செருகினால் கோடு வெளியே வரும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் இது கட்டாயம். நம் ஊரில் பி.எஸ். 4 கார்களுக்கு ஓ.பி.டி. (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு) முதல் கட்டம் 2010 ஏப்ரலில் வந்தது, இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். ஆகவே 2013க்குப் பிறகு வந்த காராக இருந்தால் அநேகமாகப் பிரச்சினை இல்லை. அதற்கு முந்தைய சில வண்டிகளில் அதே சாக்கெட் இருக்கும், ஆனால் உள்ளே அந்தந்தக் கம்பெனியின் தனி மொழி ஓடும், பொது ஸ்கேனரைச் செருகினால் பதிலே வராது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எதையும் வாங்குவதற்கு முன்னால் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோடு ஒரு எழுத்தும் நாலு இலக்கமும். எழுத்தைப் பார்த்தால் எஞ்சினா, பிரேக் சமாச்சாரமா, ஏர்பேக் மாதிரி பாடி பக்கமா என்று தெரியும். அடுத்த இலக்கம் பூஜ்யமாக இருந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அர்த்தம், ஒன்றாக இருந்தால் அந்தக் கம்பெனியே வைத்துக்கொண்ட அர்த்தம். எனக்கு வந்தது பி 0171. எரிபொருள் கலவை மெலிந்துவிட்டது, அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகம். சரி, ஏன் அதிகம்? அதைக் கோடு சொல்லாது. தெருவில் கரன்ட் இல்லை என்று போன் வந்தால் ஃபியூஸா, கம்பமா, டிரான்ஸ்ஃபார்மரா என்று லைன்மேன்தானே தேட வேண்டும், அந்த மாதிரி.

இதைவிட முக்கியமானது கோடோடு சேர்ந்து பதிவாகிற ஃப்ரீஸ் ஃப்ரேம். கோளாறு பதிவான அந்த நொடியில் வண்டி என்ன வேகம், எத்தனை ஆர்.பி.எம்., கூலன்ட் எவ்வளவு சூடு, எஞ்சின் மேல் எவ்வளவு லோடு என்று ஒரு போட்டோ எடுத்த மாதிரி இருக்கும். கோடை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். நான் முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் நடந்தது அதுதான். வீட்டுக்குப் பக்கத்தில், தெரிந்த முகம். கையில் அடக்கமாக ஒரு ஸ்கேனரைச் செருகினார், ரெண்டு பட்டனைத் தட்டினார், "லைட் அணைஞ்சிருச்சு சார், போங்க" என்றார். என்ன கோடு என்று நான் கேட்பதற்குள் அது போய்விட்டது. 300 ரூபாய் கொடுத்துவிட்டு சந்தோஷமாக வந்தேன், இரண்டாம் நாள் தெற்குவாசலில் நெரிசலில் நிற்கும்போது மறுபடி எரிந்தது. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். லைட்டை அணைக்கச் சொல்லித்தான் நிறைய பேர் அவரிடம் போகிறார்கள், நானும் அப்படித்தானே போய் நின்றேன்.

அடுத்து கம்பெனி சர்வீஸ். ஏசி ஹால், காபி, எல்லாம் ஒழுங்கு. ஸ்கேன் சார்ஜ் 500, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 590. ஒரு மணி நேரம் கழித்து அட்வைசர் வந்து ஆக்ஸிஜன் சென்சார் மாற்ற வேண்டும், த்ராட்டில் பாடி கிளீனிங் செய்ய வேண்டும், இன்ஜெக்டரும் பார்த்துவிடலாம் என்று 11,400க்கு எஸ்டிமேட் நீட்டினார்.

"என்ன கோடு தம்பி வந்துச்சு?"

"அது சிஸ்டம்ல இருக்கு சார். கஸ்டமருக்குக் குடுக்குறதில்ல."

ஜாப் கார்டில் "சென்சார் ஃபால்ட்" என்று இரண்டே வார்த்தை. 590 ரூபாய்க்கு நான் வாங்கியது அந்த இரண்டு வார்த்தையைத்தான். கோடை அழிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த மறைப்பு நம் ஊர்க்காரர் யாரோ ஒருவரின் குணம் இல்லை, உலகம் முழுக்க நடந்த சண்டை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012இல் ஓட்டே போட்டார்கள், கார் கம்பெனிகள் தங்கள் சர்வீஸுக்குக் கொடுக்கிற கோளாறுத் தகவலை வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கொடுத்தாக வேண்டும் என்று. இங்கே 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகங்களும் கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் குற்றம், அவற்றைக் கிடைக்கும்படி செய்யவும் உத்தரவு போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது, அதில் கார் துறையும் உண்டு. இதையெல்லாம் கவுன்டரில் போய்ச் சொன்னால் அட்வைசர் தம்பி கோடை எடுத்து நீட்டிவிடப் போவதில்லை, அவர் பாவம் சம்பளத்துக்கு நிற்கிறார். ஆனால் சாவியைக் கொடுப்பதற்கு முன்னாலேயே "அழிப்பதற்கு முன் கோடும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் பிரிண்ட் வேண்டும்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லலாம். முன்னாலேயே சொன்னால் தருகிறார்கள். நான் கேட்டது வேலை முடிந்த பிறகு, அதுதான் தப்பு.

கம்பெனி சர்வீஸே வேண்டாம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்தால் என் மச்சினன் கதையைக் கேளுங்கள். பி.எஸ். 6 டீசல் வைத்திருக்கிறார். தினமும் வில்லாபுரத்திலிருந்து சிம்மக்கல், சிம்மக்கல்லிலிருந்து வில்லாபுரம், முதல் கியர் இரண்டாவது கியர் தவிர வேறு எதையும் பார்த்திராத வண்டி. டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் ஒன்று சைலன்சர் வழியில் உண்டு, டி.பி.எஃப். என்பார்கள். நிறைந்துவிட்டால் அந்தக் கரியைச் சூட்டில் எரித்துத் தானே சுத்தம் செய்துகொள்ளும், ஆனால் அதற்கு வண்டி ஹைவேயில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும். லைட் எரிந்தது, கோடு பி 2463, கரி அதிகம் சேர்ந்துவிட்டது. ரிங் ரோட்டில் ஏற்றி ஒரு அரை மணி நேரம் ஓட்டியிருந்தால் ஆரம்பத்திலேயே சரியாகியிருக்கலாம். இவர் டாங்கிள் என்கிற சின்ன ப்ளூடூத் ஸ்கேனரை வைத்துக் கோடை அழித்தார். மறுபடி வந்தது, மறுபடி அழித்தார், மூன்று தடவை. கோடை அழித்தால் கரி எரிந்துவிடுமா என்ன? கடைசியில் வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிற நிலைக்குப் போய் 40க்கு மேல் ஏற மறுத்தது. கம்பெனி சர்வீஸில் அவர்கள் கருவியை மாட்டி, நிறுத்தி வைத்தே எரிக்க வைத்து, ஆயிலும் மாற்றித் தந்தார்கள். அந்த வேலையை என் கையில் இருக்கிற டாங்கிள் செய்யாது. என் மெக்கானிக்கின் ஸ்கேனரும் அந்த மாடலுக்குச் செய்யவில்லை.

சரி, டாங்கிளுக்கு வருகிறேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் துண்டு, 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கும். சாக்கெட்டில் செருகி, சாவியை ஆன் செய்து, போனில் ப்ளூடூத்தை இணைத்தால் டார்க், கார் ஸ்கேனர் மாதிரி ஆப்கள் கோடைக் காட்டும். உள்ளே இருக்கும் சிப் இ.எல்.எம். 327 என்பார்கள். கனடாவிலுள்ள எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி செய்தது, காப்பியடிக்க முடியாதபடி பூட்டுப் போடாமல் முதல் பதிப்பை விட்டுவிட்டார்கள், உலகமே காப்பியடித்தது. 2022இல் அந்தக் கம்பெனி கடையையே மூடிவிட்டது. ஆக, இன்று நாம் வாங்குவது எல்லாமே ஏதோ ஒரு நகல்தான். "வெர்ஷன் 1.5" என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், அசல் கம்பெனி 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே கிடையாது. நல்ல நகல் உண்டு, மட்டமான நகலும் உண்டு. திருப்பிக் கொடுக்க வசதியிருக்கிற இடத்தில் வாங்குங்கள், வந்த அன்றே செருகிப் பாருங்கள். ஐபோன்காரர்கள் ஐபோனுக்கு ஒத்து வரும் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும், சாதா ப்ளூடூத் டாங்கிள் அதில் வேலை செய்யாது. பார்த்து முடித்ததும் கழற்றி டேஷ்போர்டில் போட்டுவிடுங்கள். அந்த சாக்கெட்டுக்கு பேட்டரியிலிருந்து எப்போதும் கரன்ட் வந்துகொண்டே இருக்கும், பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கலாம். பாஸ்வேர்டும் அநேகமாக 1234தான், தெருவில் எவனும் இணைத்துக்கொள்ளலாம்.

எனக்கு 700 ரூபாயில் வந்தது. கம்பெனி சர்வீஸிலிருந்து வந்த மூன்றாம் நாள் ராத்திரி, வீட்டு வாசலிலேயே வைத்துச் செருகினேன். பி 0171. ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்தால் வேகம் 0, ஆர்.பி.எம். 760, கூலன்ட் 91 டிகிரி. அதாவது தெற்குவாசலில் நின்றுகொண்டிருந்த அந்த நேரம். பெட்ரோல் பம்ப் பலவீனமாகி அதனால் கலவை மெலிந்திருந்தால் நான் ஹைவேயில் மிதிக்கும்போது, லோடு ஏறும்போது பதிவாகியிருக்க வேண்டும். நிற்கும்போது பதிவானால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது என்று சந்தேகிக்கலாம். அதே ஆப்பில் ஃபியூயல் ட்ரிம் என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோல் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்கிற கணக்கு. வண்டி ஐடிலிங்கில் நின்றபோது 24 சதவீதம் கூடுதல். ஆக்ஸிலேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்தேன், 5க்கு இறங்கிவிட்டது. சின்ன ஓட்டை வழியாக வரும் காற்று, எஞ்சின் கொஞ்சமாக இழுக்கும்போது பெரிய பங்கு, நிறைய இழுக்கும்போது கணக்கிலேயே வராது. என் காரில் காற்றை அளக்கிற சென்சார் ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கிறது, அதைத் தாண்டிய இடத்தில் ஓட்டை விழுந்தால் அளக்காத காற்று உள்ளே போகும். இதையெல்லாம் நான் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன், மெக்கானிக் ஆகிவிட்டேன் என்று வீட்டில் கிண்டல்.

மறுநாள் பழங்காநத்தம் பக்கம் ஒரு அண்ணனிடம் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். அவரிடம் பெரிய மல்டி பிராண்ட் ஸ்கேனர் இருக்கிறது, அதை எடுக்கவே இல்லை. "நிக்கும்போது 24, மிதிச்சா 5ஆ? அப்ப ஹோஸ் பாக்கணும் தம்பி" என்று பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போதே கார்ப் கிளீனரை ஒவ்வொரு ரப்பர் குழாய் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அடித்ததும் எஞ்சின் சத்தம் ஏறி இறங்கியது. விரல் தடிமன் குழாய், அடிப்பக்கத்தில் எலிப்பல் அடையாளம் வரிசையாக. பக்கத்து வீட்டில் அரிசி மூட்டை அடுக்குகிறார்கள், அங்கிருந்து வந்த விருந்தாளி. (இதை வீட்டில் நீங்கள் செய்ய வேண்டாம், சூடான எஞ்சினில் அந்த ஸ்பிரே பற்றிக்கொள்ளும்.) குழாய் 140, கூலி 200. ஆக்ஸிஜன் சென்சார் தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது, காற்று அதிகம் என்று புகார் சொன்னதே அதுதான். புகார் சொன்னவனையே மாற்றப் பார்த்தார்கள்.

இப்படி ஒரு மெக்கானிக் அமைந்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் அமைய வேண்டுமே. அவர் வைத்திருக்கிற மாதிரி ஸ்கேனருக்கு வருடா வருடம் அப்டேட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், கட்டாதவர்களின் ஸ்கேனரில் புது மாடல்கள் அரைகுறையாகத்தான் வரும். ஆகவே "ஸ்கேனர் இருக்கா?" என்று கேட்பதோடு நிற்காமல் "என் மாடலுக்கு ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் திறக்குமா?" என்று கேளுங்கள். அப்புறம் அவர் முதலில் எந்தப் பட்டனை அழுத்துகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். படிக்கிறாரா, அழிக்கிறாரா? எனக்கு ஆளைப் பிடிக்க அது ஒன்றே போதும்.

டாங்கிளுக்கும் ஒர்க்‌ஷாப் ஸ்கேனருக்கும் நடுவில் சொந்தமாக வைத்துக்கொள்கிற நல்ல ஸ்கேனர்கள் உண்டு, லாஞ்ச், ஆட்டெல் மாதிரி. ஏபிஎஸ், ஏர்பேக் கோடெல்லாம் படிக்கிறவை ஆயிரக்கணக்கில் போகும், சிலவற்றில் ஒரு கம்பெனிக் காருக்கு மட்டும் சாஃப்ட்வேர் இலவசம், மற்றதற்குத் தனிக் காசு. வீட்டில் மூன்று வண்டி ஓடுகிறது, டிராவல்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்றால் வாங்குங்கள். ஒரே கார் வைத்துக்கொண்டு வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது பரணில் தூங்கத்தான் போகும். என் நண்பர் ஒருவர் வாங்கி ஒரே ஒரு தடவை பயன்படுத்தினார், அதுவும் என் காருக்கு.

புதுக் கார்களில் கம்பெனியே கொடுக்கிற ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார் எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, ஏசியைப் போடு என்பதற்கெல்லாம் நன்றாக இருக்கும். கோளாறு வந்தால் சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று சொல்லும். அதை மீட்டரிலுள்ள லைட்டே சொல்லிவிட்டதே.

அதனால் மேலூர் மாப்பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: வாரன்ட்டியில் இருக்கிற வண்டி, பி.எஸ். 6 டீசல், ஏர்பேக் லைட், ஏபிஎஸ் லைட், இந்த நாலுக்கும் கம்பெனிக்குப் போ, ஆனால் கோடை வாங்காமல் வராதே. மற்றதெல்லாம் மெக்கானிக். எங்கே போவதாக இருந்தாலும் 700 ரூபாய் டாங்கிள் உன் பையில் இருக்கட்டும், அடுத்தவன் அழிப்பதற்கு முன்னால் நீ ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. லைட் விட்டு விட்டு மினுக்கினால் மட்டும் ஸ்கேனர், ஆப் எதையும் தேடாதே, எஞ்சின் கடுமையாக மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், ஓரங்கட்டி நிறுத்து.

அவன் டாங்கிள் வாங்கிக்கொண்டு கே.புதூரில் ஒரு பெட்ரோல் கார் பார்க்கப் போனான், நானும் கூடப் போனேன். பெயின்ட் பளபளப்பு, மீட்டரில் ஒரு லைட் இல்லை, ஓனர் "ஒரு குறை சொல்ல முடியாது தம்பி" என்றார். செருகினோம். கோடு ஒன்றுமில்லை. ஆனால் ஆப்பில் இன்னொரு வரி உண்டு, கோடு அழித்த பிறகு ஓடிய தூரம். 11 கிலோமீட்டர் என்றிருந்தது. கம்ப்யூட்டர் தானே நடத்துகிற சோதனைகளில் பாதி இன்னும் முடியவில்லை என்றும் காட்டியது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படிக் காட்டும், அதனால் உடனே சண்டைக்குப் போகாமல் "ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமாண்ணே?" என்று கேட்டோம். அழகர்கோவில் ரோட்டில் ஏற்றினோம். லைட் எரியவே இல்லை. அப்பன்திருப்பதி போய் டீ குடித்துவிட்டுத் திரும்பச் செருகினால், பென்டிங் என்ற பக்கத்தில் பி 0302 வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. லைட் எரிவதற்கு இன்னொரு ஓட்டம் வேண்டும், பென்டிங்கில் முதல் ஓட்டத்திலேயே வந்துவிடும்.

ஓனர் முகம் கொஞ்சம் மாறியது. அவருக்கு நிஜமாகவே தெரியாமலும் இருக்கலாம், யாரோ அழித்துக் கொடுத்து 300 ரூபாய் வாங்கியிருக்கலாம். அவரையும் கூட்டிக்கொண்டு பழங்காநத்தம் அண்ணனிடம் போனோம். பிளக்கா, பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கிற காயிலா, இல்லை சிலிண்டருக்குள் அழுத்தம், அதாவது கம்ப்ரஷனே போய்விட்டதா என்பதுதான் கேள்வி, கம்ப்ரஷன் என்றால் வண்டியே வேண்டாம். அவர் இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதை இரண்டில் போட்டார். "ஓட்டிட்டு வாங்க" என்றார். திருநகர் வரை போய்விட்டு வந்து செருகினோம். பி 0303. காயிலோடு கோளாறும் இடம் மாறியிருந்தது. ஓனர் விலையில் 5,000 குறைத்தார், அன்று சாயங்காலமே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம்.